சென்சார் வருவதற்கு முன்பு, வெளியில் பேச முடியாததைப் பேசிய படங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

வெண்திரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் விஸ்காம் கடைசி வருடம் படிக்கிறேன். தணிக்கை விதிகள் வருவதற்கு முன்னால், வீட்டிலும் வெளியிலும் பேசக்கூடாது என்று ஒதுக்கி வைத்த விஷயங்களை எடுத்த படங்கள் பற்றி செமினார் செய்ய வேண்டும். தேடினால் எல்லாரும் 1930லிருந்து 1934 வரை வந்த ஹாலிவுட் படங்களையே சொல்கிறார்கள். அதில் சிலவற்றைப் பார்த்தேன், பிடித்தும் இருந்தது. ஆனால் எல்லோரும் சொல்லும் அதே பட்டியலை நானும் திருப்பிச் சொல்ல விருப்பமில்லை.

வகுப்பில் ஒருவர் சொன்னது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "அந்தப் படங்கள் எல்லாம் டிக்கெட் விற்க எடுத்தவை. சென்சார் இல்லையென்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள், அதில் என்ன துணிச்சல்?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. காசுக்காக எடுத்தது எது, அக்கறையோடு எடுத்தது எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? உண்மையிலேயே சென்சார் என்று ஒன்றே இல்லாத காலம் எங்காவது இருந்ததா? ஊமைப் படங்களாக இருந்தாலும் பரவாயில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கார்பன் ஆர்க் எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிலிம் ஓடிய காலம் முடியும்வரை மதுரைப் பக்கம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தவன் நான். படப்பெட்டி வந்தால் கூடவே சென்சார் சர்டிபிகேட் வரும். அதில் முக்கோணம் போட்டிருந்தால் படத்தில் கத்தரி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எந்த ரீலில் எது போனது என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கும். படம் பார்க்கிறவர்களுக்கு அது இரண்டு நொடி வந்து போகிற காகிதம். எனக்கு அதைப் படிக்காமல் புரொஜெக்டரை ஓட்ட மனது வராது. வெட்டிப் போட்ட அடிகளில் என்ன இருந்தது என்று தேடப் போய்த்தான் பழைய படங்கள் பக்கம் வந்தேன்.

முதலில் ஹாலிவுட்டை ஓரமாக வையுங்கள். "விதிக்கு முந்திய காலம்" என்று அதைச் சொல்கிறார்களே தவிர, விதி 1930 மார்ச் 31லேயே எழுதியாகிவிட்டது. 1934 ஜூலையில் அதை அமல்படுத்தும் பொறுப்பில் ஜோசப் பிரீன் வந்து உட்காரும்வரை அதை யாரும் கறாராக அமல்படுத்தவில்லை, அவ்வளவுதான். அதுவும் அரசாங்கச் சட்டம் இல்லை, கம்பெனிகள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட விதி. இன்னொரு பக்கம் பென்சில்வேனியா, ஓஹையோ மாதிரி மாநிலங்களில் அரசு போர்டுகள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே வெட்டிக்கொண்டிருந்தன. பென்சில்வேனியா சட்டம் 1911ல் வந்தது. 1915ல் ஓஹையோ போர்டை எதிர்த்து ஒரு சினிமா கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போனது. சினிமா என்பது வியாபாரம், அது பேச்சுரிமைக்குள் வராது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு 1952 வரை நின்றது. ஆக அமெரிக்காவில் ஒரு ஊரில் ஓடின படம் பக்கத்து மாநிலத்தில் ஓடாது.

நிஜமாகவே சென்சார் இல்லாத காலம் வேண்டுமென்றால் ஜெர்மனிக்குப் போங்கள். முதல் உலகப் போரில் தோற்று, மன்னர் ஓடிப்போய், புரட்சி அரசு உட்கார்ந்ததும், 1918 நவம்பர் 12ல் ஓர் அறிவிப்பு வந்தது. தணிக்கை இனி கிடையாது. அதற்கு முன் ஒவ்வொரு ஊரிலும் போலீஸ்தான் படம் பார்த்து அனுமதி கொடுக்கும். ஒரே நாளில் அது போய்விட்டது. பிறகு 1920 மே 12ல் தணிக்கையைத் தேசிய அளவில் மறுபடி கொண்டுவந்த சினிமாச் சட்டம் வந்தது. சரியாக ஒன்றரை வருடம். உங்கள் செமினாருக்கு அந்த ஒன்றரை வருடமே போதும்.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது? உங்கள் வகுப்பு நண்பர் சொன்னது அப்படியே நடந்தது. "விழிப்புணர்வுப் படம்" என்று பெயர் ஒட்டிக்கொண்டு வரிசையாக வந்தன. ஒரு படத்துக்கு "இச்சையின் கழுதைப்புலிகள்" என்று தலைப்பு. தலைப்பைக் கேட்டாலே உள்ளே எவ்வளவு விழிப்புணர்வு இருக்கும் என்று தெரிந்துவிடும். இதை மறைக்க வேண்டாம். செமினாரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அதே இடைவெளியில்தான் 1919 மே மாதம் பெர்லினில் "ஆண்டர்ஸ் அல்ஸ் டி ஆண்டர்ன்" வெளியானது. "மற்றவர்களைப் போல இல்லாதவர்கள்" என்று பொருள். இயக்கியவர் ரிச்சர்ட் ஓஸ்வால்ட். வியன்னாக்காரர், வியாபாரம் தெரிந்த தயாரிப்பாளர். போர் நடக்கும்போதே, 1917ல், பால்வினை நோய் பற்றி ஒரு படம் எடுத்து ஓட்டிக் காட்டியவர். கூட இருந்து கதை எழுதியவர் டாக்டர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். ஆணை விரும்பும் ஆண்களைக் குற்றவாளியாக்கும் ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175வது பிரிவை நீக்கச் சொல்லி 1897லேயே குழு அமைத்து, மனு எழுதி, கையெழுத்து வாங்கித் திரிந்தவர். படத்தில் டாக்டராக அவரே வருகிறார்.

கதை இதுதான். பவுல் கோர்னர் என்று ஒரு வயலின் வித்வான். நடித்தவர் கான்ராட் ஃபைட், பிற்பாடு "காஸாபிளாங்கா"வில் நாஜி மேஜராக வந்தவர். கோர்னரிடம் வயலின் கற்க குர்ட் என்ற இளைஞன் வருகிறான். இருவருக்கும் பிரியம் வளர்கிறது. பார்க்கில் கைகோத்து நடக்கிறார்கள். அதை ஒருவன் பார்த்துவிடுகிறான். பெயர் போலெக். பணம் கேட்டு மிரட்டுகிறான். கொடுக்கிறார். மறுபடி கேட்கிறான். மறுபடி கொடுக்கிறார். ஒரு கட்டத்தில் முடியாது என்று நின்று, மிரட்டிப் பணம் பறிக்கிறான் என்று கோர்ட்டுக்குப் போகிறார். போலெக் உடனே 175ஐ இழுக்கிறான். கோர்ட் இரண்டு பேருக்கும் தண்டனை கொடுக்கிறது. மிரட்டினவனுக்கும் சிறை, மிரட்டப்பட்டவருக்கும் சிறை. கோர்னருக்கு ஒரே ஒரு வாரம்தான். நீதிபதி இரக்கப்பட்டுத்தான் அப்படிக் கொடுக்கிறார். ஆனால் அந்த ஒரு வாரம் போதும். கச்சேரிகள் போகின்றன, வாசலுக்கு ஆள் வருவது நின்றுபோகிறது, விஷம் குடித்துச் சாகிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன், காசா அக்கறையா என்பது. படத்தின் ஆரம்பத்தைப் பாருங்கள். கோர்னர் பேப்பர் படிக்கிறார். இன்னார் தற்கொலை, காரணம் தெரியவில்லை என்பது மாதிரிச் செய்திகள். வேறு யாராவது படித்தால் ஐயோ பாவம் என்று அடுத்த பக்கம் புரட்டுவார்கள். கோர்னர் புரட்டவில்லை. அந்தச் சாவுகளின் காரணம் அவருக்குத் தெரியும். அப்படியே அவர் மனக்கண்ணில் ஓர் ஊர்வலம் தெரிகிறது. சைக்கோவ்ஸ்கி, ஆஸ்கர் வைல்ட், லியனார்டோ டாவின்சி என்று வரிசையாக நடந்து போகிறார்கள், தலைக்கு மேலே 175 என்ற கத்தி தொங்குகிறது. கட்டிப்பிடிப்பது, முத்தம், உடம்பைக் காட்டுவது எதையும் நம்பி இந்தப் படம் தொடங்கவில்லை. பேப்பர் செய்தியில் தொடங்குகிறது. டிக்கெட் விற்பது மட்டும் நோக்கமென்றால் முதல் ரீலை யாராவது இப்படி வீணாக்குவார்களா?

முடிவில் சட்டப் புத்தகத்தைத் திறந்து, 175வது பிரிவை ஒரு கை அடித்து நீக்குகிறது. எந்தச் சட்டம், எந்த எண், அதை என்ன செய்ய வேண்டும் என்று திரையில் கேட்ட படம் அது. கழுதைப்புலிப் படங்களில் அப்படி எந்தக் கோரிக்கையையும் தேடிப் பிடிக்க முடியாது. நான் பிரித்துப் பார்ப்பது இப்படித்தான்: படம் முடிந்து வெளியே வரும்போது யாரிடம் எதை மாற்றச் சொல்கிறது?

1920 சட்டத்தின் கீழ் தடை விழும்வரை இது ஓடி நல்ல வசூலும் ஆனது. ஆகட்டுமே. கல்லா நிரம்பியதால் ஒரு படத்தின் அக்கறை பொய்யாகிவிடாது. தியேட்டரில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்வேன்: அக்கறையாக எடுத்த படத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு போடுவதைவிட சந்தோஷம் எங்களுக்குக் கிடையாது.

தஞ்சை வாசகி எழுதியது:

ஆபரேட்டர் ஐயா ஜெர்மனியை எழுதிவிட்டார். அமெரிக்காவை மொத்தமாக ஓரம் கட்டிவிட வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 1930களுக்குப் போகாமல் 1910களுக்குப் போங்கள். லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர் 1916ல் யுனிவர்சலுக்காக "வேர் ஆர் மை சில்ட்ரன்?" எடுத்தார், கணவர் ஃபிலிப்ஸ் ஸ்மாலியோடு சேர்ந்து. கருத்தடை, கருக்கலைப்பு இரண்டையும் நேராகத் தொட்ட படம். கருத்தடை பற்றி ஒரு துண்டுத்தாளைத் தபாலில் அனுப்பினாலே அமெரிக்காவில் அப்போது குற்றம். அதே 1916 அக்டோபரில்தான் மார்கரெட் சாங்கர் புரூக்ளினில் கருத்தடை மருத்துவமனை திறந்து கைதானார்.

படத்தில் ஓர் அரசு வழக்கறிஞர். குழந்தைக்கு ஏங்குகிறவர். அவருடைய மனைவியும் அவள் தோழிகளும் விருந்து, கேளிக்கை என்று இருக்கிறவர்கள், கரு உண்டானால் ஒரு டாக்டரிடம் போய்க் கலைத்துக்கொள்கிறார்கள். வீட்டு வேலைக்காரியின் மகளுக்கும் அதே டாக்டரைக் கைகாட்டுகிறார்கள். அந்தப் பெண் இறந்துபோகிறாள். விசாரணையில் கணவனுக்குத் தன் மனைவி பெயரும் அந்த டாக்டரின் கணக்கில் இருப்பது தெரிகிறது. பென்சில்வேனியா போர்டு இந்தப் படத்தைத் தடை செய்தது. மற்ற இடங்களில் கூட்டம் அலைமோதியது.

ஆனால் ஒரு விஷயத்தைச் செமினாரில் விட்டுவிடாதீர்கள். இந்தப் படம் பெண்ணின் உரிமை என்று பேசவில்லை. ஏழைகளுக்கும் "தகுதி இல்லாதவர்களுக்கும்" குழந்தை குறைய வேண்டும், வசதியான வீட்டுப் பெண்கள் பெறாமல் இருப்பது பாவம் என்பதுதான் அதன் நியாயம். அந்தக் காலத்து இனமேம்பாட்டுக் கொள்கை முழுக்க உள்ளே இருக்கிறது. ஐயா சொன்ன அளவுகோலில் இது தேறிவிடும், ஏனென்றால் இதற்கும் தெளிவான கோரிக்கை உண்டு. அக்கறையோடு எடுத்த படம்தான், சந்தேகமே இல்லை. அந்த அக்கறை யாருக்காக என்பதையும் கேட்க வேண்டும் என்கிறேன்.

நேர்பேச்சு எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கழுதைப்புலிப் படங்கள் வந்தன என்று ஐயாவே சொல்கிறார். அப்படியானால் ஜெர்மனி சட்டம் கொண்டுவந்ததில் என்ன தவறு? பள்ளிக்கூடப் பிள்ளைகள் தியேட்டருக்குப் போன காலம் அது. எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்வது எளிது. நல்ல படம் ஒன்று அடிபட்டது வருத்தம்தான், ஆனால் குப்பையை அள்ளும்போது சில நேரம் அப்படி ஆகத்தானே செய்யும்?

கார்பன் ஆர்க் எழுதியது:

தஞ்சை வாசகி அம்மாவுக்கு முதலில் நன்றி. "யாருக்காக" என்ற கேள்வியை நான் கேட்டிருக்கவில்லை. வெண்திரை, அதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேர்பேச்சு சார், கோபம் ஒன்றுமில்லை. பிள்ளைகளைப் பற்றிய கவலை நியாயமானது. அதனால்தான் அந்தச் சட்டத்தை உள்ளே போய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

1920 சட்டத்தில் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தனி விதி இருந்தது. இளையவர்களுக்குக் காட்டலாம், கூடாது என்பது தனியாகத் தீர்மானமாகும். அதாவது பிள்ளைகளைக் காப்பாற்றும் வேலையை அந்த விதி ஏற்கெனவே செய்துவிட்டது. வயது வந்தவர்களுக்கு ஒரு படத்தைத் தடுப்பதற்கு வேறு காரணங்கள் எழுதியிருந்தார்கள்: பொது ஒழுங்குக்கு ஆபத்து, மத உணர்வைப் புண்படுத்துவது, மனதை முரடாக்குவது அல்லது ஒழுக்கத்தைக் கெடுப்பது, வெளிநாட்டில் ஜெர்மனியின் மதிப்பைக் குறைப்பது. அதே சட்டத்தில் இன்னொரு வாக்கியமும் உண்டு. அரசியல், சமூக, மத, அறம் சார்ந்த கருத்துக்காக மட்டும் ஒரு படத்துக்கு அனுமதி மறுக்கக் கூடாது. காகிதத்தில் பார்த்தால் எவ்வளவு நல்ல வாக்கியம்! ஆனால் "ஒழுக்கத்தைக் கெடுப்பது" என்ற சொல் பக்கத்திலேயே இருக்கும்போது, கருத்து பிடிக்காத படத்தை அந்த வாசல் வழியாக வெளியேற்றிவிடலாம்.

அப்படித்தான் செய்தார்கள். பெர்லினிலும் மியூனிக்கிலும் இரண்டு பரிசோதனை அலுவலகம், மேல்முறையீட்டுக்குப் பெர்லினில் ஒன்று. தலைவர் ஓர் அதிகாரி. கூட உட்காரும் உறுப்பினர்களில் கால்வாசி சினிமாத் தொழிலிலிருந்து, கால்வாசி கலை இலக்கியத்திலிருந்து, பாதி பேர் கல்வி, மக்கள் நலம், இளைஞர் நலம் பார்க்கிறவர்கள். இந்தப் படத்துக்கு மனநல மருத்துவர்களைக் கூப்பிட்டுக் கருத்து கேட்டார்கள். எமில் கிரேப்லின், ஆல்பர்ட் மோல் போன்ற பெரிய பெயர்கள். படம் ஒருபக்கச் சார்பானது, இளைஞர்களின் மனதைக் குழப்பும் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1920 அக்டோபரில் பொதுமக்களுக்குத் தடை உறுதியானது. மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் பார்க்கலாம். சார், இதை யோசித்துப் பாருங்கள். யாரை மிரட்டிப் பணம் பறிக்கிறார்களோ அவனுக்காக எடுத்த படத்தை அவன் பார்க்கக் கூடாது, அவனைப் பரிசோதிக்கிறவர் பார்க்கலாம்.

அதே அக்டோபரில் மியூனிக்கில் சொற்பொழிவு முடித்து வெளியே வந்த ஹிர்ஷ்ஃபெல்டை அடித்துத் தெருவில் போட்டார்கள். அவர் இறந்துவிட்டார் என்று பத்திரிகைகளில் செய்தியே வந்தது. ஓஸ்வால்டும் ஹிர்ஷ்ஃபெல்டும் யூதர்கள் என்பதும் படத்தை எதிர்த்தவர்களுக்கு ஒரு காரணம். தியேட்டருக்குள்ளேயே கலாட்டா நடந்தது. ஆகவே குப்பையை அள்ளும்போது தவறி இதுவும் போனது என்று என்னால் ஏற்க முடியவில்லை. குப்பைப் படங்கள் மேல் ஜனங்களுக்கு வந்த எரிச்சல் சட்டத்தைக் கொண்டுவர உதவியது. சட்டம் வந்த பிறகு இந்தப் படத்தைத் தேடிப்போய்த்தான் பிடித்தார்கள்.

ஊதாப்பூ எழுதியது:

ரொம்ப நாள் இந்தப் பக்கம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். போலெக் மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். 2018 செப்டம்பர் 6க்கு முன்னால் இந்த நாட்டிலும் அவர்களுக்கு ஒரு சட்டப் பிரிவு கையில் இருந்தது. ஜெர்மனியில் 175, இங்கே 377. போலீசில் சொல்லட்டுமா, வீட்டில் சொல்லட்டுமா என்று கேட்டால் போதும், மோதிரம், செல்போன், ஏடிஎம் கார்டு எல்லாம் கைமாறும். புகார் கொடுக்கப் போனால் புகார் கொடுத்தவனே மாட்டிக்கொள்வான். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அதனால் கோர்ட் காட்சி எனக்குச் சரித்திரமாகப் படவில்லை.

ஆனாலும் எனக்கு இந்தப் படத்தோடு ஒரு சண்டை இருக்கிறது. கோர்னர் ஏன் சாக வேண்டும்? 1919லிருந்து இன்றுவரை எங்களைப் பற்றி எடுத்தால் கடைசி ரீலில் யாராவது சாகிறார்கள். இரக்கம் வரவேண்டுமென்றால் பிணம் வேண்டும் போல. அவ்வளவு பழைய படமே அந்த வழியில் போய்விட்டதே என்று வருத்தம். எனக்குப் பிடித்தது அந்த நடன விருந்துக் காட்சி. ஆண்கள் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். கொஞ்ச நேரம்தான் வருகிறது, அதிலும் போலெக் வந்து நுழைந்துவிடுகிறான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரம் யாரும் பயப்படவில்லை. வெண்திரை, செமினாரில் ஒரே ஒரு காட்சி போட்டுக் காட்ட முடியும் என்றால் சாவைக் காட்டாதீர்கள், இதைக் காட்டுங்கள்.

கார்பன் ஆர்க் எழுதியது:

ஊதாப்பூ, எழுதியதற்கு நன்றி. உங்கள் சண்டை நியாயமான சண்டை. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கோர்னர் இறந்தபின் குர்ட்டும் சாகத் துணிகிறான். டாக்டர் அவனைத் தடுக்கிறார். நீ உயிரோடு இருந்து இந்தத் தப்பெண்ணத்தை மாற்றப் பாடுபடு என்கிறார். படம் எடுத்தவர்களுக்கே ஒரு சாவோடு நிறுத்தக் கூடாது என்று தெரிந்திருக்கிறது. கோர்னரைக் காப்பாற்றியிருக்கலாமா என்றால், காப்பாற்றியிருக்கலாம். ஆனால் ஹிர்ஷ்ஃபெல்ட் தன்னிடம் வந்தவர்களில் பலரை அப்படி இழந்தவர். பேப்பரில் காரணம் போடாத சாவுகளுக்குக் காரணத்தைப் போட வேண்டும் என்ற வெறி அவருக்கு. அதனால் அந்த முடிவை என்னால் அவர்மேல் குற்றமாகச் சொல்ல முடியவில்லை.

நடன விருந்துக் காட்சியைக் காட்டச் சொன்னது நல்ல யோசனை.

வெண்திரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து படத்தைப் பார்த்துவிட்டேன். 50 நிமிடம்போலத்தான் இருந்தது, நடுவில் பல இடங்களில் அசையாத படங்களும் விளக்க எழுத்துகளும் வந்தன. நான் பார்த்தது முழுப் படமா? ஏன் அப்படி இருக்கிறது? ஹாலிவுட்டை விட்டுவிடச் சொன்னீர்கள் ஐயா, ஒரு படமாவது சேர்க்கலாமா, வழிகாட்டி எதிர்பார்க்கிறார். நம் ஊரில் சென்சாருக்கு முன்பு என்று ஒன்று உண்டா? கடைசியாக, டைட்டில் கார்டுகளைத் தமிழில் மாற்றி ஓட்டலாமா?

கார்பன் ஆர்க் எழுதியது:

நீங்கள் பார்த்ததுதான் இன்று கிடைப்பது அம்மா. முழுப் படம் உலகத்தில் எங்கும் இல்லை.

தடைக்குப் பிறகு ஹிர்ஷ்ஃபெல்ட் விடவில்லை. 1927ல் "காதலின் விதிகள்" என்று ஒரு விளக்கப் படம் தயாரானபோது, இந்தக் கதையைச் சுருக்கி அதற்குள் ஒரு பகுதியாக வைத்தார். அதுவும் சென்சாரில் மாட்டியது. ஆனால் அதன் ஒரு பிரதி சோவியத் பக்கம் போய், உக்ரேனிய மொழி டைட்டில் கார்டுகளோடு ஆவணக் காப்பகத்தில் தப்பிக் கிடந்தது. பெர்லினில் இருந்த பாலியல் ஆய்வு நிலையத்தை 1919 ஜூலையில், இந்தப் படம் வெளியாகி ஓடிக்கொண்டிருந்த நாட்களில் அவர் திறந்தார். 1933 மே 6ல் நாஜி மாணவர்கள் உள்ளே புகுந்து சூறையாடினார்கள். நான்கு நாள் கழித்து அங்கிருந்த புத்தகங்களை ஓபரா சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள். அப்போது அவர் ஊரில் இல்லை. இந்தியா உட்பட உலகம் சுற்றிவிட்டு நாடு திரும்ப முடியாமல் இருந்தவர், பாரிஸில் ஒரு தியேட்டரில் நியூஸ் ரீலில் தன் புத்தகங்கள் எரிவதைப் பார்த்தார். எந்தக் கருவியை நம்பி 1919ல் சட்டத்தை மாற்றப் போனாரோ அதே கருவி இதைக் கொண்டுவந்து காட்டியது. எழுதும்போதே எனக்குத் தாளவில்லை. 1935ல் நீஸ் நகரத்தில் இறந்தார். அதே வருடம் நாஜிகள் 175ஐ இன்னும் கடுமையாக்கினார்கள். மேற்கு ஜெர்மனி அந்தக் கடுமையான வடிவத்தை 1969 வரை வைத்திருந்தது. பிரிவு முழுதாக ஒழிந்தது 1994ல்.

மியூனிக் திரைப்பட அருங்காட்சியகம் அந்தத் தப்பிய துண்டுகளை வைத்து, பழைய ஸ்டில்களையும் அக்காலத்து எழுத்து ஆவணங்களையும் கொண்டு கதையின் வரிசையை மறுபடி கட்டியது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகமும் பிற்பாடு அந்த வேலையைச் செய்தது. அசையாத படங்கள் வரும் இடமெல்லாம் வெட்டு விழுந்து காணாமல் போன இடம். தயவுசெய்து அவற்றை எடுத்துவிட்டு "விறுவிறுப்பாக" ஆக்கிவிடாதீர்கள். பார்க்கிறவர்களுக்கு எது போனது என்று தெரியட்டும்.

ஹாலிவுட்டில் ஒன்று வேண்டுமென்றால் 1933ல் வந்த "பேபி ஃபேஸ்" எடுத்துக்கொள்ளுங்கள். காரணம், சென்சார் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதில் ஒரு செருப்புத் தைக்கும் பெரியவர் கதாநாயகியிடம் ஜெர்மன் தத்துவவாதி நீட்சேயைக் காட்டி, ஆண்களைப் பயன்படுத்திக்கொண்டு மேலே போ என்பார். நியூயார்க் போர்டு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் வசனத்தை மாற்றிப் பதிந்து, நல்ல வழி, கெட்ட வழி என்று அறிவுரையாக்கிவிட்டார்கள். வெட்டாத நெகடிவ் 2004ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேமிப்பில் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பெரியவர் அதே ஆள்தான், பேசுவது மட்டும் வேறு.

நம் ஊரைக் கேட்டீர்கள். 1913ல் "ராஜா ஹரிச்சந்திரா" வந்தது, 1918லேயே பிரிட்டிஷ் அரசு சினிமாட்டோகிராஃப் சட்டம் போட்டுவிட்டது. 1920ல் சென்னை, பம்பாய், கல்கத்தா, ரங்கூனில் போர்டுகள். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான நடராஜ முதலியாரின் "கீசகவதம்" வந்ததும் அந்தச் சட்டத்தை ஒட்டிய காலம்தான். இங்கே சினிமா நடக்கப் பழகும்போதே சென்சார் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் பயந்ததும் வேறு விஷயத்துக்கு: 1921ல் வந்த "பக்த விதுரர்" படத்தில் விதுரர் காந்தி மாதிரி இருக்கிறார் என்று சென்னையிலும் கராச்சியிலும் தடை போட்டார்கள். அது தனிக் கதை, இந்தச் செமினாரில் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

தமிழ் டைட்டில் கார்டு தாராளமாகப் போடுங்கள். ஊமைப் படத்துக்கு அது புதிதில்லை, ஊருக்கு ஊர் அப்படித்தான் கார்டு மாற்றி ஓட்டினார்கள். மொழிபெயர்ப்பை இங்கே போட்டால் நானும் பார்த்துத் திருத்தித் தருகிறேன். ஊதாப்பூவுக்கு விருப்பம் இருந்தால் அவர் பார்ப்பது இன்னும் நல்லது. கார்டு திரையில் நிற்கும் நேரத்தைக் கவனியுங்கள். தமிழ் வாக்கியம் நீளும், கடைசி வரிசையில் இருப்பவர் படித்து முடிக்கும்வரை நிற்க வேண்டும். பின்னணிக்கு ஏதாவது இசை போடப் போகிறீர்கள் என்றால் தனி வயலின் போதும். புரொஜெக்டர் வெளிச்சம், திரை அளவு பற்றிச் சந்தேகம் இருந்தால் ஹாலின் நீளத்தை எழுதுங்கள், சொல்கிறேன்.